வீட்டுக்காரருடன் தகராறா? நெல்லையில் வாடகைக்கு இருப்பவர்கள் செய்ய வேண்டியவை

தண்ணீரை நிறுத்தினாலும், அட்வான்ஸைத் தர மறுத்தாலும், உங்களைக் காப்பது காகிதம்தான். 2017இல் இயற்றப்பட்ட தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இது நகர்ப்புறங்களுக்கானது. பாளையங்கோட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர் எல்லாம் மாநகராட்சிக்குள் வருபவை.

படி 1: எழுத்தில் ஒப்பந்தம்

"நம் அண்ணாச்சிதானே, எழுத்து எதற்கு?" என்று விட்டுவிடாதீர்கள். எழுத்து ஒப்பந்தம் செய்யாததையே காரணம் காட்டி, வீட்டைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் வழக்குப் போட முடியும். ஒப்பந்தம் எழுதியபின் அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அரசு அலுவலர்தான் இந்த அதிகாரி. உங்கள் பகுதிக்கு யார் என்று கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது சட்டம். ஆனால் ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் அதுதான் செல்லும். பத்து மாத அட்வான்ஸுக்குச் சம்மதித்துக் கையெழுத்திட்டால் பிறகு வாதாடுவது கடினம். பேரம் பேசுவதைக் கையெழுத்துக்கு முன்பே பேசி முடியுங்கள்.

படி 2: வாடகையை நிறுத்தாதீர்கள்

கோபத்தில் பலரும் செய்வது இதுதான். வழக்கு கெடுவதும் இதனால்தான். வாடகை பாக்கி, வெளியேற்றக் கேட்பதற்குச் சட்டமே ஒப்புக்கொள்ளும் காரணம். வங்கி வழியாகச் செலுத்துங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது கேளுங்கள். அது உங்கள் உரிமை. அவர் வாங்க மறுத்தால் வாடகை அதிகாரியிடம் செலுத்த வழி இருக்கிறது.

படி 3: கடிதம்

சண்டை வேண்டாம், தேதியோடு எழுதுங்கள்:

"ஐயா, தங்கள் வீட்டின் மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறேன். இம்மாதம் 3ஆம் தேதி முதல் தண்ணீர் இணைப்பு நிறுத்தப்பட்டுள்ளது. வாடகை பாக்கி எதுவும் இல்லை. உடனே இணைப்பைத் திரும்பத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, நகலையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். மூடிய குழாயைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 4: மனு

தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை வீட்டுக்காரர் தடுக்கக் கூடாது. தடுத்தால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுங்கள். உடனே திரும்பத் தரும்படி அவர் இடைக்கால உத்தரவு போடலாம். பூட்டுப் போடுவது, சாமான்களைத் தெருவில் வைப்பது எதற்கும் வீட்டுக்காரருக்கு உரிமையில்லை. காலி செய்ய வைக்க வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும்.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். தொலைபேசி எண் 15100. பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் இலவச உதவி உண்டு. போகும்போது ஒப்பந்தம், வாடகை ரசீதுகள், அனுப்பிய கடிதத்தின் நகல், படங்கள் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி எடுத்துச் செல்லுங்கள்.