ஊருக்குப் போறீங்களா? கொப்பி கவனம்

வெளிநாட்டில் வங்கி அட்டை எண்ணைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிற நாங்கள், யாழ்ப்பாணத்தில் இறங்கியதும் கடவுச்சீட்டின் கொப்பியை, அதாவது ஒளிநகலை, கேட்ட இடமெல்லாம் நீட்டுகிறோம். சிம்முக்கு ஒன்று, விடுதிக்கு ஒன்று, கந்தோருக்கு இரண்டு. அங்கே கள்வன் கண் வைப்பது வங்கிக் கணக்கில் மட்டுமல்ல, காணியிலும்தான். உரிமையாளர் வெளிநாட்டில், வளவு பற்றை பிடித்துக் கிடக்கிறது. அடையாள அட்டைக் கொப்பியும் ஒரு கையெழுத்தும் அகப்பட்டால் கள்ள உறுதி முடிக்க நினைப்பவனுக்குப் பாதி வேலை முடிந்தது.

ஆகவே கொப்பிகளை வீட்டிலேயே எடுத்துக்கொண்டு போங்கள். ஒவ்வொன்றின் குறுக்கேயும் "சிம் பதிவுக்கு மட்டும்" என்று எழுதித் திகதி போட்டுக் கொடுங்கள். கொப்பி எடுத்துக் கொடுக்கிற கொமினிகேசன் கடையில்தான் எடுக்கவேண்டி வந்தால், பிழையாய் விழுந்த தாளையும் கேட்டு வாங்குங்கள். போனமுறை நான் வாங்கிய கச்சான் சுருளைப் பிரித்தால், யாரோ ஒருவரின் பிறப்புச் சான்றிதழ்! கடைக்காரரின் வட்ஸ்அப்புக்குப் படம் அனுப்பி அச்செடுப்பதும் வேண்டாம்.

பழைய இலங்கை அடையாள அட்டை வைத்திருப்போர் இதையும் அறிந்திருங்கள். 9 இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட அந்த எண்ணில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். வயதை மறைக்கிற மாமிமார் கவனிக்க! எண்ணைச் சொன்னாலே பிறந்த திகதியையும் சொன்ன மாதிரித்தான்.

காணி இருந்தால் ஒரு நாளை ஒதுக்கி, சட்டத்தரணி ஒருவருடன் காணிப் பதிவகத்துக்குப் போய் உங்கள் காணியின் பதிவைப் பார்த்து வாருங்கள். தெரியாத உறுதி ஏறியிருந்தால் அங்கே தெரியும். முன்பு யாருக்காவது அற்றோணித் தத்துவம் (உங்களுக்குப் பதிலாகக் கையெழுத்திட்டு அலுவல் பார்க்கும் அதிகாரம்) கொடுத்து, இப்போது தேவையில்லை என்றால், வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுத்தில் ரத்துச் செய்து அதையும் பதியுங்கள். மனத்தாங்கல் வரும்தான், வரட்டும்.

கடைசியாகத் தொலைபேசி. உள்ளூர் சிம் எண்ணை மின்னஞ்சலுக்கோ வங்கிக்கோ கொடுக்காதீர்கள். நீங்கள் திரும்பிவந்து காசு போடாமல் விட்டால் அந்த எண் வேறொருவர் கைக்குப் போகலாம். "மச்சான், தவறி உனக்கு ஒரு 6 இலக்கக் கோட் வந்திட்டுது, அனுப்பு" என்று தெரிந்தவர் பெயரில் செய்தி வந்தாலும் அனுப்பாமல், அவரை நேரே அழைத்துக் கேளுங்கள். அநேகமாக அவருடைய வட்ஸ்அப் ஏற்கெனவே பறிபோயிருக்கும்.