ஐ-5 நெடுஞ்சாலையில் போலீஸ் உதவி: நம்மவர்கள் செய்யும் தவறுகள்

நீண்ட வார இறுதி வந்தால் போதும், கலிஃபோர்னியாவின் பே ஏரியாவில் ஃப்ரீமாண்ட், சான் ஹோசே, சான் ரமோன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பல லாஸ் ஏஞ்சலஸ் கிளம்பிவிடும். பெரும்பாலும் ஐ-5 வழியாகத்தான். சான்டா நெல்லா தாண்டியதிலிருந்து மலையேறும் கிரேப்வைன் வரை சுமார் 200 மைல். வழியில் பெரிய ஊர் ஒன்றும் கிடையாது. இங்கே வண்டி நின்றாலோ இடித்துக்கொண்டாலோ நம்மிடம் வருவது மாநில நெடுஞ்சாலைப் போலீஸான கலிஃபோர்னியா ஹைவே பேட்ரோல், சுருக்கமாக சிஎச்பி. இந்தத் துறை இடத்தை எப்படிப் பங்கு போட்டுக் காவல் செய்கிறது என்பது தெரியாததால்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன.

1929-இல் தொடங்கிய சிஎச்பி, மாநிலத்தை 8 டிவிஷன்களாகப் பிரித்திருக்கிறது. ஒவ்வொரு டிவிஷனுக்கும் கீழே பல ஏரியா அலுவலகங்கள். சென்ட்ரல் டிவிஷனுக்குத் தலைமையிடம் ஃப்ரெஸ்னோ. நீங்கள் தெற்கே போகப் போக லாஸ் பான்யோஸ், கோலிங்கா, பட்டன்வில்லோ, ஃபோர்ட் டெஹோன் என்று ஏரியாக்கள் மாறிக்கொண்டே வரும். மலையைத் தாண்டி இறங்கினால் நியூஹால் ஏரியா. அது சதர்ன் டிவிஷன். ஓட்டுபவருக்கு எல்லாம் ஒரே ரோடு. உதவிக்கு வருபவருக்கு அப்படி இல்லை. அவர் பொறுப்பில் நெடுஞ்சாலை மட்டுமல்ல, நகர எல்லைக்கு வெளியே உள்ள கவுன்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) சாலைகளின் போக்குவரத்தும் இருக்கிறது. நீங்கள் கூப்பிடும் நேரத்தில் அவர் ஏதோ ஒரு தோட்டப் பாதையில் நடந்த விபத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பே ஏரியாவில் வந்த வேகத்தில் இங்கேயும் வருவார்கள் என்று எதிர்பார்த்துச் சாலையோரம் குழந்தைகளோடு நிற்பது ஆபத்து.

பெரிய தவறு, அவசர எண் 911-ஐ அழைத்து “ஐ-5-இல் இருக்கிறோம், லாஸ் ஏஞ்சலஸ் போகிற வழி” என்று சொல்வது. செல்போன் தோராயமாக இடத்தைக் காட்டிக் கொடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அழைப்பை எடுப்பவர் மெர்செட், ஃப்ரெஸ்னோ, பேக்கர்ஸ்ஃபீல்ட் போன்ற ஏதோ ஒரு கட்டுப்பாட்டு மையத்தில் உட்கார்ந்திருக்கிறார். எந்த ஏரியா வண்டியை அனுப்புவது என்று அவர் முடிவு செய்ய வேண்டும். அதற்கு வேண்டியது கடைசியாகக் கடந்த எக்சிட் (நெடுஞ்சாலையை விட்டு வெளியேறும் வழி) எண், போய்க்கொண்டிருந்த திசை. ஐ-5-இல் எக்சிட் எண் என்பது மெக்சிகோ எல்லையிலிருந்து கணக்கிட்ட மைல். 334 என்றால் ஹாரிஸ் ராஞ்ச் இருக்கும் 198-ஆம் சாலைச் சந்திப்பு. 309 என்றால் கெட்டில்மன் சிட்டி. 257 என்றால் பட்டன்வில்லோ. தெற்கே போகும்போது எண் குறைந்துகொண்டே வரும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் இதை அவ்வப்போது கவனித்துக்கொண்டு வந்தாலே போதும்.

எக்சிட் கண்ணில் படாத இடத்தில் சாலையோரக் குச்சியில் சின்ன வெள்ளைப் பலகை இருக்கும். அதில் கவுன்டி பெயரின் மூன்றெழுத்துச் சுருக்கம், சாலை எண், அதற்குக் கீழே மைல் எண். இந்த மைல் எண் ஒவ்வொரு கவுன்டிக்கும் தனிக் கணக்கு. மெர்செட், ஃப்ரெஸ்னோ, கிங்ஸ், கெர்ன் என்று நான்கு கவுன்டியிலும் ஐ-5-க்கு ஒரு ‘மைல் 10’ உண்டு. அதனால் எண்ணை மட்டும் சொன்னால் பயனில்லை, கவுன்டியையும் சேர்த்துச் சொல்லுங்கள். திசையும் முக்கியம். தவறான பக்கம் வந்துவிட்ட வண்டி திரும்ப வேண்டுமானால் அடுத்த எக்சிட் வரை போக வேண்டியிருக்கும், சில இடங்களில் எக்சிட்டுகளுக்கு நடுவே பல மைல்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா மட்டும் வண்டியில் இருந்து, ஆங்கிலத்தில் பேசத் தயங்கினால், “தமிழ்” என்று சொன்னால் போதும். போனிலேயே மொழிபெயர்ப்பாளரை இணைக்கும் ஏற்பாடு இருக்கிறது.

கூகுளில் தேடி ஏரியா அலுவலகத்துக்கு நேராகப் போன் போடுவதும் நேர விரயம். அலுவலகம் காகித வேலைக்கு, அதுவும் வார நாள் பகலில். ரோந்து வண்டிகளை அனுப்புவது கட்டுப்பாட்டு மையம்தான். அவசரம் என்றால் 911. அவசரமில்லாத விஷயத்துக்கு 1-800-835-5247.

அப்புறம், எல்லாப் புகாரும் சிஎச்பிக்கு என்று நினைத்துக்கொள்வது. காபி குடிக்க இறங்கிய இடத்தில் கார் கண்ணாடியை உடைத்துப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று வையுங்கள். சான்டா நெல்லாவோ கெட்டில்மன் சிட்டியோ தனி நகராட்சி இல்லாத இடங்கள். அங்கே திருட்டுக்கு அந்தந்தக் கவுன்டியின் போலீஸான ஷெரிஃப் அலுவலகம். சிஎச்பி அதிகாரி பக்கத்திலேயே நின்றாலும் அவரும் அங்கேதான் அனுப்புவார்.

இழுவை வண்டி விஷயத்திலும் ஏமாறுகிறார்கள். பே ஏரியாவில் நெரிசல் நேரத்தில் சுற்றும் இலவச உதவி வண்டி, ஃப்ரீவே சர்வீஸ் பேட்ரோல், இந்த வெட்டவெளியில் வராது. சிஎச்பி தன் ஏரியாவுக்கென வைத்திருக்கும் பட்டியலிலிருந்து முறைப்படி ஒரு வண்டியை அழைக்கும், காசு நம்முடையது. பாதையை அடைத்துக்கொண்டு நிற்காவிட்டால் உங்கள் இன்சூரன்ஸ் அல்லது டிரிபிள் ஏ (கார் ஓட்டுநர் சங்கமான ஏஏஏ) வண்டியைக் கேட்கலாம். யாரும் கூப்பிடாமலே விபத்து இடத்தில் வந்து நின்று “இழுத்துக்கொண்டு போகவா?” என்று கேட்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். அப்படி வந்து ஆள் பிடிப்பது கலிஃபோர்னியாவில் சட்ட விரோதம்.

போலீஸ் நிறுத்தினால் கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் போவது நம் ஊர்ப் பழக்கம். உட்கார்ந்தபடி பேசினால் மரியாதைக் குறைவு என்று நினைப்போம். இங்கே அது நேர்மாறாகப் புரிந்துகொள்ளப்படும், அதிகாரி உஷாராகிவிடுவார். வலப்பக்கச் சாலையோரம் நிறுத்தி, உள்ளேயே இருங்கள். நெடுஞ்சாலையில் அதிகாரி பெரும்பாலும் வலப்பக்கம், அதாவது ஓட்டுநருக்கு மறுபக்கம் வருவார், ஓடும் வண்டிகளிலிருந்து தப்பிக்க. அந்தக் கண்ணாடியை இறக்கி வையுங்கள். கைகள் ஸ்டியரிங் மேல். காகிதங்கள் முன்பெட்டியில் இருந்தால், எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு எடுங்கள். 2024 ஜனவரி முதல், நிறுத்திய காரணத்தைச் சொல்லிவிட்டுத்தான் அதிகாரி கேள்வி கேட்க வேண்டும் என்பது சட்டம், ஆகவே முந்திக்கொண்டு “வேகமாகப் போய்விட்டேனா?” என்று ஆரம்பிக்கத் தேவையில்லை.

விதிமீறலுக்குத் தரும் டிக்கெட்டில் கையெழுத்துப் போட மறுக்காதீர்கள். அது குற்றத்தை ஒப்புக்கொள்வதல்ல, குறித்த தேதிக்குள் பதில் தருகிறேன் என்ற உறுதிமொழி. வழக்கு நடப்பது டிக்கெட் வாங்கிய கவுன்டியில். கோலிங்கா பக்கம் மாட்டினால் ஃப்ரெஸ்னோ நீதிமன்றமா என்று பயந்து, தங்கள் பக்கம் நியாயம் இருந்தும் பலர் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். அபராதத் தொகையை முன்பணமாகக் கட்டிவிட்டு, எழுத்து மூலமாகவே வாதாட வழி இருக்கிறது, நேரில் போக வேண்டியதில்லை. ஆனால் மணிக்கு 100 மைலுக்கு மேல் வேகமாகப் போய் மாட்டினால் கதை வேறு: உரிமத்தில் 2 புள்ளிகள், 30 நாள் வரை உரிமத்தை நிறுத்திவைக்கவும் நீதிபதிக்கு அதிகாரம் உண்டு.

பனிமூட்டமும் புழுதியும் ஐ-5 போகும் இந்த சென்ட்ரல் வேலி பள்ளத்தாக்கின் தனி ஆபத்து. 1991 நவம்பர் 29, தேங்க்ஸ்கிவிங் மறுநாள், கோலிங்கா அருகே புழுதிக்காற்றில் 104 வண்டிகள் ஒன்றோடொன்று மோதி 17 பேர் இறந்தார்கள். கண் தெரியாமல் போகும்போது நடுப்பாதையில் நிறுத்துவதுதான் மிக மோசமான முடிவு. பின்னால் வருகிற லாரிக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். வேகத்தைக் குறைத்து, விளக்கைத் தாழ்வாக வைத்து, முதல் எக்சிட்டில் சாலையை விட்டே இறங்கிவிடுங்கள். சிஎச்பி வண்டி முன்னால் போய் எல்லோரையும் மெதுவாக அழைத்துச் செல்கிற நாட்களும் உண்டு. அதை முந்தப் பார்க்காதீர்கள்.

சின்ன மோதல், யாருக்கும் அடியில்லை என்றால் வண்டிகளை நடுரோட்டிலேயே விட்டுப் படம் எடுக்காதீர்கள். ஓரங்கட்டுவதால் தவறு யார் மேல் என்ற கேள்வி மாறாது, சட்டமே அப்படிச் சொல்கிறது. அதிகாரி வந்திருந்தால் அவர் எந்த ஏரியா, அறிக்கை எண் என்ன என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அறிக்கை விசாரித்த ஏரியாவில்தான் இருக்கும். சான் ஹோசே அலுவலகத்து வரிசையில் போய் நின்று பயனில்லை. அதற்கான விண்ணப்பம் சிஎச்பி 190. தபாலில் அனுப்பலாம். போலீஸே எழுதிக்கொண்டு போய்விட்டதே என்று பலர் விட்டுவிடும் இன்னொரு படிவம் எஸ்ஆர்-1. யாருக்காவது காயம் என்றாலோ, சேதம் 1,000 டாலரைத் தாண்டினாலோ, தவறு யாருடையது என்றாலும் 10 நாளுக்குள் இதை டிஎம்விக்கு (ஓட்டுநர் உரிமம் தரும் துறை) நீங்களோ உங்கள் இன்சூரன்ஸ் ஏஜென்டோ அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் உரிமமே நிறுத்தப்படலாம். சிஎச்பி உங்கள் சார்பில் இதை அனுப்பாது.