புது மீன் தீனி எடுக்கலையா? இப்படி பழக்கிப் பாருங்க

புதுசா வாங்குன மீன் வாயே திறக்க மாட்டேங்குதுண்ணா, வேற என்ன தீனி போடலாம்னு தான் எல்லாரும் கேக்குறாங்க. தீனியில இல்லங்க விஷயம், அது பயத்துல இருக்கு. சேலத்துக் கடைகளுக்கு நிறைய மீன் சென்னை கொளத்தூர்ல இருந்து கவர்ல அடைச்சு பார்சல்ல வருது, கடைத் தொட்டியில கொஞ்ச நாள், அப்புறம் நம்ம கையில மறுபடியும் கவர், ஏற்காட்டுக்கு கொண்டு போறவங்கன்னா 20 கொண்டை ஊசி வளைவுலயும் கவர் குலுங்கிட்டே மேல ஏறும், இதெல்லாம் தாண்டி வந்தது தொட்டியில விட்ட அரை மணி நேரத்துல ஓடி வந்து பெல்லட் (கடையில விக்கிற உருண்டைத் தீனி) கடிக்கணும்னா எப்படி?

அதனால முதல் நாள் தீனியே வேண்டாம். லைட்டை ஆஃப் பண்ணிடுங்க, முன்னாடி போய் நின்னு கண்ணாடியத் தட்டாதீங்க, வீட்டுல சின்னப் பசங்க இருந்தா அவங்களையும் சொல்லி வைங்க. நல்லா இருக்கிற வளர்ந்த மீன் ஒரு வாரம் சாப்பிடலைன்னாலும் ஒண்ணும் ஆகாது, ஆனா நீங்க பாவம் பார்த்து போட்ட தீனி அடியில அழுகி அமோனியாங்கிற கழிவு தண்ணியில ஏறுச்சுன்னா அதுல தான் மீன் படுத்துரும். குட்டி மீனுக்கு மட்டும் இந்தக் கணக்கு ஆகாது, உடம்புல சேமிப்பே இருக்காது, தினமும் ரெண்டு மூணு வேளை துளித்துளியா கொடுத்தே ஆகணும்.

அடுத்தது தண்ணி. மேட்டூர் குழாய்த் தண்ணின்னா குளோரின் இருக்கும், ஆன்ட்டி குளோரின் போடாம விடாதீங்க. போர் தண்ணியில குளோரின் இல்ல ஆனா உப்பு ஜாஸ்தி, பக்கெட்ல வெள்ளையா படியுதே அதுதான், பழகிட்டா பல மீன் அதுலயும் நல்லாவே இருக்கும், திடீர்னு மாத்துறதுதான் தப்பு. கவரை தொட்டியில மிதக்க விட்டா சூடு மட்டும்தான் சமமாகும், உப்பு சமமாகாது. உள்ளூர் கடையில வாங்கிட்டு நேரா வந்த மீன்னா கவர் தண்ணியோடவே மீனை ஒரு பக்கெட்ல விட்டு ஏர் டியூப்ல லேசா முடிச்சு போட்டு தொட்டித் தண்ணிய சொட்டுச் சொட்டா அதுல இறங்க விடுங்க, ஒரு மணி நேரம் போதும். ஒரு நாளுக்கு மேல மூடுன கவர்ல கொரியர்ல வந்த மீனுக்கு இத செய்யாதீங்க, கவர் திறந்ததும் அதுல சேர்ந்திருக்கிற அமோனியா விஷமா மாற ஆரம்பிச்சிரும், சூட்டை மட்டும் சமப்படுத்தி வலையில எடுத்து உடனே தொட்டியில விட்டுருங்க.

சூடு முக்கியம்ங்க. தண்ணி எவ்வளவு சூடோ மீன் உடம்பும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், குளிர்ந்தா செரிமானம் மெதுவாகி பசியே எடுக்காது. ஏற்காட்டுல மார்கழியில ஹீட்டர் இல்லாத தொட்டியில டிஸ்கஸ் (தட்டு மாதிரி வட்டமா இருக்கிற மீன்) விட்டுட்டு சாப்பிடலன்னு சொன்னா என்ன சொல்றது, அதுக்கு 28ல இருந்து 30 டிகிரி வேணும். கீழ சேலத்துல 100 லிட்டர் தொட்டிக்கு 100 வாட் ஹீட்டர் தாராளம், மேல அது திணறும், 100 வாட்ல ரெண்டா போடுங்க, ஒண்ணு போனாலும் இன்னொண்ணு ஓடும். சித்திரை வெயில்ல நம்ம ஊர்ல பிரச்சனை தலைகீழ், தண்ணி சூடாகி ஆக்சிஜன் குறைஞ்சு மீன் மேல வந்து வாயைப் பிளக்கும், அப்போ ஏர் பம்ப் கூட்டிட்டு விடியக்காலைல மட்டும் தீனி போடுங்க.

இதெல்லாம் சரியா இருந்தும் சாப்பிடலைன்னா தான் தீனி பக்கம் வரணும். புது மீன் முதல்ல நம்புறது அசையுற தீனிய. அதனால ஆர்டீமியா, டாஃப்னியா மாதிரி உயிரோட இருக்கிற குட்டித் தண்ணிப் பூச்சி, இல்லைன்னா ஃப்ரீசர்ல உறைஞ்ச கட்டியா வர்ற பிளட் வார்ம்ங்கிற சிவப்புப் புழு. சாக்கடையில அள்ளுன டியூபிஃபெக்ஸ் புழு எனக்குப் பிடிக்காது, எவ்வளவு கழுவுனாலும் நோய் கூடவே வரும். கொசுப்புழு வளர்க்கலாம்னு சிலர் சொல்வாங்க, மீனுக்கு உசிரு தான், ஆனா டெங்கு வர்ற ஊர்ல வீட்டுல பக்கெட் தண்ணிய மூடாம வச்சிருக்கிறது எனக்கு சரியாப் படல. ஏற்காட்டுக்காரங்களுக்கு ஒரு வசதி, மருந்து அடிக்காத தோட்டத்து மண்புழு ஈசியா கிடைக்கும், கழுவி பொடியா நறுக்கிப் போட்டா ஆஸ்கர் மாதிரி பெரிய மீனெல்லாம் விடாது.

பிளட் வார்ம் போடுற விதம் இருக்கு. ஒரு கட்டிய டம்ளர்ல தொட்டித் தண்ணி ஊத்தி கரைய விடுங்க, டீ வடிகட்டியில ஊத்தி அந்த சிவப்புத் தண்ணிய கொட்டிருங்க, அது தொட்டியத்தான் கெடுக்கும். ஊசி கழட்டுன சிரிஞ்ச் நுனியில ஏர் டியூப் துண்டு செருகிக்குங்க. ஃபில்டர் தண்ணி எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு பாத்து, மீனுக்குக் கொஞ்சம் தள்ளி அந்தப் பக்கமா ரெண்டே ரெண்டு புழுவ விடுங்க, அது ஓட்டத்துல ஆடிக்கிட்டே மீன் மூஞ்சி முன்னாடி போகணும். மொத்தமா கொட்டுனா மீன் பின்வாங்கும். (புழு டப்பாவ ஃப்ரீசர்ல ஐஸ்கிரீம் பக்கத்துல வச்சீங்கன்னா வீட்டுல உங்களுக்குத் தீனி கிடைக்காது, மூடி போட்ட தனி டப்பா வாங்கிக்குங்க.)

டிஸ்கஸ் என்ன பண்ணும்னா கிட்ட வரும், உடம்பச் சாய்ச்சு ஒரு கண்ணால பாக்கும், வாயில எடுக்கும், துப்பும், மறுபடி எடுக்கும். துப்புறத பாத்துட்டு பிடிக்கலன்னு தீனிய மாத்திராதீங்க, அது ருசி பாக்குது, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பஜ்ஜி சாப்பிடுற மாதிரி. அதுவும் தனியா ஒண்ணு வாங்குனா மூலையிலயே கருத்துப் போய் நிக்கும், அஞ்சாறா இருந்தா ஒண்ணு சாப்பிடுறத பாத்து மத்ததும் வரும். எப்பவும் ஒண்ணே மத்தத விரட்டுதுன்னா ரெண்டு மூலையிலயும் ஒரே நேரத்துல தீனி போடுங்க. கால் மணி நேரம் கழிச்சு மிச்சம் கிடக்கிறத டியூப்ல உறிஞ்சி எடுத்துருங்க, தினமும் அதே நேரம் அதே மூலை, அவ்வளவுதான்.

நல்லா பாய்ஞ்சு சாப்பிட ஆரம்பிச்ச அப்புறம் பெல்லட்டுக்கு மாத்தணும், ஏன்னா வெறும் பிளட் வார்ம்ல எல்லா சத்தும் கிடையாது. மீன் வாயை விட சின்ன பெல்லட்டா பாத்து கொட்டச் சொன்னேனே அந்த சிவப்புப் புழுத் தண்ணி, அதுல கொஞ்சமா எடுத்து கொஞ்ச நேரம் ஊற வச்சா வாசனை ஏறும், அத புழுவோட கலந்து போடுங்க, பெல்லட்ட கொஞ்சம் கொஞ்சமா கூட்டி புழுவக் குறைங்க. அடம் பிடிச்சா ஒரு நாள் பட்டினி போட்டுட்டு மறுநாள் காலைல பெல்லட் மட்டும், பெரிய மீனுக்கு இது தாங்கும். பூண்டுச் சாறு ஒரு சொட்டு விடுறதும் உண்டு, வாசனைக்கு செய்யலாம், மருந்துன்னு நம்பிராதீங்க.

வயிறு ஒட்டிப் போய், நெத்தி ஒடுங்கி, வெள்ளையா நூல் மாதிரி கழிவு தொங்குச்சுன்னா அது அடம் இல்ல, பெரும்பாலும் குடல்ல ஒட்டுண்ணி. தனித் தொட்டிக்கு மாத்தி, மீன் வைத்தியம் தெரிஞ்சவங்கள கேட்டு மருந்து கொடுங்க.

பிளெக்கோ, கோரிடோரஸ் மாதிரி அடியில மேயுற மீன் வாங்கிட்டு சாப்பிடலன்னு கவலப்படுறவங்க ராத்திரி லைட் அணைச்ச அப்புறம் அடியில போற மாத்திரைத் தீனி போட்டுட்டு தூங்குங்க, காலைல இருக்காது. அப்புறம் கடையில கவர்ல நிறுத்துத் தர்ற லூஸ் பெல்லட் வேண்டாம், எப்போ பிரிச்சதுன்னே தெரியாது, வாசனை போயிருக்கும். சின்ன டப்பாவா வாங்கி இறுக்கி மூடி ஃபிரிட்ஜ்ல வைங்க.