தண்ணீர் பட்ட ட்ரோன் ஜிம்பலைச் சரிசெய்வது எப்படி: முதல்முறை செய்பவர்களுக்கு

ட்ரோன் தண்ணீரில் விழுந்தாலோ, யாராவது அதன்மேல் குளிர்பானத்தைக் கொட்டிவிட்டாலோ, முதலில் மக்கர் பண்ணுவது பெரும்பாலும் கேமராவைத் தாங்கிப் பிடிக்கும் ஜிம்பல்தான். ட்ரோனின் உடம்புக்காவது மேலே ஒரு மூடி உண்டு. ஜிம்பலுக்கு அதுவும் கிடையாது. மூன்று குட்டி மோட்டார்களும், அதன் கைகளுக்குள் சுற்றிப் போகும் ரிப்பன் கேபிளும் தடையில்லாமல் அசைய வேண்டும் என்பதற்காக எங்கு பார்த்தாலும் இடைவெளி விட்டிருப்பார்கள். தண்ணீர் நுழைய அது போதும்.

இங்கே சொல்லப்போவது மூன்று அச்சுகளில் திரும்பும் ஜிம்பல் உள்ள சாதாரண ட்ரோன்களுக்குப் பொருந்தும். திருகுகளின் இடமும் எண்ணிக்கையும் மாடலுக்கு மாடல் மாறும். அதனால் உங்கள் மாடலைப் பிரித்துக் காட்டும் வீடியோ ஒன்றை முழுசாகப் பார்த்துவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுங்கள். வாரண்டி இருந்தால், பிரிப்பதற்கு முன்பே அதன் விதிகளைப் படித்துவிடுங்கள். பிரித்த பிறகு படித்துப் பயனில்லை.

காயவைத்தால் போதாதா?

போதாது. தண்ணீர் தானாகவே காய்ந்துவிடும், அதில் கரைந்திருந்த உப்பும் சர்க்கரையும் சர்க்யூட் போர்டிலேயே தங்கிவிடும். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. காய்ந்த உப்பு, காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு மறுபடி நனையும். அந்த நேரத்தில் மின்சாரமும் சேர்ந்துகொண்டால் கனெக்டர் முனைகளில் உள்ள உலோகம் அரிக்கத் தொடங்கும். ‘நேற்று நன்றாக வேலை செய்தது, இன்று படம் வரவில்லை’ என்று சொல்கிறார்களே, அதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அரிசி மூட்டைக்குள் புதைத்து வைக்கும் வைத்தியத்தையும் மறந்துவிடுங்கள். சிப்புகளுக்கு அடியில் தேங்கிய நீரை அரிசியால் உறிஞ்ச முடியாது. மேலதிகமாக அதன் மாவுத்தூள் மோட்டாருக்குள் போய்ச் சேரும். ஆக, பழுதுபார்ப்பில் முக்கால்வாசி வேலை ஒழுங்காகக் கழுவுவதுதான்.

தண்ணீரிலிருந்து எடுத்தவுடன்

பேட்டரியைக் கழற்றுங்கள். ‘உயிரோடு இருக்கிறதா’ என்று பார்க்க பவர் பட்டனை அழுத்த வேண்டாம். கை துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். ஈரமான போர்டுக்கு மின்சாரம் கொடுப்பதுதான் பிழைக்க வேண்டியதையும் கொன்றுவிடுகிறது. மெமரி கார்டை எடுத்துவிடுங்கள். புரொப்பெல்லர்களையும் கழற்றிவிடுங்கள், இந்த வேலை முடியும்வரை அவை தேவையில்லை.

நனைந்த லித்தியம் பேட்டரி தனிப் பிரச்சினை. அதைச் சார்ஜில் போடவே கூடாது. உள்ளே ஷார்ட் ஆகியிருந்தால் சில மணி நேரம் கழித்துக்கூடத் தீப்பிடிக்கலாம். எரியக்கூடிய பொருள் எதுவும் இல்லாத திறந்த இடத்தில் வைத்துவிட்டு, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். கடல்நீர் பட்ட பேட்டரியைக் காப்பாற்ற முயல்வது வீண் துணிச்சல்.

கடல்நீரோ இனிப்புப் பானமோ பட்டிருந்தால், கழுவும்வரை காயவிடாமல் இருப்பது நல்லது. காய்ந்து இறுகிவிட்டால் கரைத்தெடுக்கும் வேலை இரட்டிப்பாகும்.

என்னென்ன வேண்டும்

சிறிய நட்சத்திர (பிளஸ்) முனை, ஆறு கூர் உள்ள டார்க்ஸ் முனை இரண்டும் உள்ள நுண் ஸ்க்ரூடிரைவர் செட், பிளாஸ்டிக் நெம்புகோல், கூர்முனை ட்வீசர், மென்மையான பல் துலக்கும் பிரஷ், காட்டன் பட்ஸ், உருப்பெருக்கிக் கண்ணாடி, மல்டிமீட்டர். கழுவுவதற்கு டிஸ்டில்டு வாட்டரும், 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் வேண்டும். கைகழுவும் சானிடைசர் இதற்கு ஆகாது. அதில் கலந்திருக்கும் கிளிசரினும் பசைப்பொருளும் போர்டில் படிந்துவிடும். ஆல்கஹால் சட்டென்று தீப்பற்றும், ஆகவே ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பு, மெழுகுவர்த்தி எதுவும் அருகில் இல்லாமல் வேலை செய்யுங்கள்.

பிரிப்பது

ஒவ்வொரு படியிலும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றும் திருகுகளை ஒரு தாளில் வரைந்த படத்தின் மேல், அதனதன் இடத்தில் ஒட்டி வையுங்கள். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் திருகுகள் நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசப்படும். நீளமானதைக் குட்டையானதன் இடத்தில் முறுக்கினால் அது நேரே போர்டைக் குத்தும்.

திருகு அசையாவிட்டால் அதில் பூட்டுப் பசை போட்டிருப்பார்கள் என்று பொருள். பலம் காட்டித் தலையை மழுக்கிவிடாதீர்கள். சூடான சால்டரிங் அயர்ன் முனையைத் திருகின் தலையில் சில நொடிகள் வைத்தால் பசை இளகிவிடும்.

ட்ரோனின் மூடியைத் திறந்ததும், ஜிம்பலிலிருந்து மெயின் போர்டுக்கு வரும் கேபிள்கள் தெரியும். இவற்றில் இரண்டு வகை கனெக்டர்கள் உண்டு. ஒன்றில் கறுப்பு அல்லது பழுப்பு நிறத்தில் மெல்லிய தாழ்ப்பாள் இருக்கும். நகத்தால் அதை மேலே தூக்கிய பிறகே ரிப்பனை இழுக்க வேண்டும். இன்னொன்று பட்டன்போல அழுத்திப் பொருத்தும் வகை, அதை பிளாஸ்டிக் நெம்புகோலால் நேர் மேலாகக் கிளப்ப வேண்டும். எது எந்த வகை என்று உறுதியாகத் தெரியும்வரை எதையும் இழுக்காதீர்கள். ஜிம்பல் பழுதுகளில் தண்ணீர் கெடுத்ததைவிட, அவசரக் கை கிழித்த ரிப்பன் கேபிள்கள் அதிகமோ என்றுகூட எனக்குச் சில சமயம் தோன்றும்.

பிறகு ரப்பர் டாம்பர்கள். ஜிம்பலை உடம்போடு இணைக்கும் இந்தச் சின்ன ரப்பர் உருண்டைகளை ட்வீசரால் மெல்லத் திருகியபடி ஓட்டையிலிருந்து வெளியே எடுங்கள். இவற்றை ஆல்கஹாலில் ஊறப் போடாதீர்கள், ரப்பர் உப்பிக் கெட்டுவிடும். வெறும் தண்ணீரில் அலசினால் போதும்.

கழுவுவது

பலர் நேராக ஆல்கஹாலை எடுத்துவிடுகிறார்கள். ஆனால் சாப்பாட்டு உப்போ சர்க்கரையோ ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் கிட்டத்தட்ட கரையவே கரையாது. தண்ணீரில்தான் கரையும். நனைந்து கெட்ட பொருளை மறுபடி தண்ணீரில் கழுவுவதா என்று தயங்க வேண்டாம். பேட்டரி இல்லாத போர்டுக்கு டிஸ்டில்டு வாட்டரால் ஆபத்து இல்லை. முதலில் டிஸ்டில்டு வாட்டர், அப்புறம் ஆல்கஹால் என்பதுதான் வரிசை. முதலாவது படிவைக் கரைக்கிறது, இரண்டாவது எஞ்சிய தண்ணீரைத் துரத்திவிட்டுத் தானும் சீக்கிரம் ஆவியாகிறது. விழுந்தது சுத்தமான மழைநீரில் என்றால் முதல் பாதியைச் சுருக்கமாக முடித்துக்கொள்ளலாம்.

ஜிம்பலின் கட்டுப்பாட்டு போர்டை ஒரு கிண்ணத்தில் டிஸ்டில்டு வாட்டர் விட்டு அதில் வைத்து, பிரஷால் ஒரே திசையில் மெல்லத் தேயுங்கள். தண்ணீரை மாற்றி இரண்டாம் முறையும் செய்யுங்கள். உலோகத் தகடு மூடிய பகுதி இருந்தால், கழற்றக்கூடிய மூடியாக இருக்கும்பட்சத்தில் திறந்துவிடுங்கள். தண்ணீர் ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. கனெக்டர் பற்களில் வெள்ளையாகவோ பச்சையாகவோ படிவு தெரிந்தால் அங்கே கூடுதல் நேரம் செலவழியுங்கள். அதன்பின் ஆல்கஹாலில் முக்கி, பிரஷால் தேய்த்து, எடுத்து வையுங்கள்.

மோட்டார்களைச் சொட்டுச் சொட்டாக அலசுங்கள். முதலில் தண்ணீர், பிறகு ஆல்கஹால். கையால் சுற்றிக்கொண்டே செய்தால் இடுக்கில் உள்ள மணலும் வெளியே வரும். ஆல்கஹால் பேரிங்கில் இருக்கும் எண்ணெயையும் கழுவிக்கொண்டு போகக்கூடும். காய்ந்த பிறகு மோட்டார் கரகரவென்று சுற்றினால், ஊசி முனையில் ஒரு துளி மெல்லிய எண்ணெய் எடுத்து பேரிங்கில் மட்டும் வையுங்கள். அப்போதும் கரகரப்புப் போகவில்லை என்றால் பேரிங்கில் துரு ஏறிவிட்டது. அந்த மோட்டாரை, அல்லது அது அமைந்த கையை, மாற்றுவதே வழி.

கேமராவை மட்டும் எதிலும் முக்கக் கூடாது. லென்ஸ் அடுக்குகளுக்குள் ஆல்கஹால் போனால் கறை வெளியே வராது. பின்மூடி திருகில் இருந்தால் திறந்து, அதன் போர்டைக் காட்டன் பட்ஸால் மட்டும் துடையுங்கள். அல்ட்ராசோனிக் கிளீனர் வைத்திருப்பவர்கள் இதற்கு அதைப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது. ஜிம்பலின் சாய்வை உணரும் கைரோ சென்சாருக்கு அந்த அதிர்வு ஆகாது.

உலர்த்துவது

ஒரு நாள் முழுக்க மின்விசிறிக் காற்றில் வையுங்கள். பிறகு காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இன்னொரு நாள். ஹேர் டிரையர் வேண்டாம், அந்தச் சூட்டில் பசை இளகி, பிளாஸ்டிக் வளையும். லென்ஸுக்குள் பனிமூட்டம்போல் தெரிந்தால் சிலிக்கா ஜெல்லோடு மேலும் சில நாள் வைத்துப் பாருங்கள். ஈரம் போய் வட்டமான கறை மட்டும் நின்றுவிட்டால், கேமரா பகுதியை மாற்ற வேண்டியிருக்கும்.

மின்சாரம் கொடுக்கும் முன்

மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும், அதாவது ‘பீப்’ ஒலிக்கும் நிலையில் வையுங்கள். போர்டில் பழுப்பு நிறத்தில் குட்டிச் செவ்வகங்கள் தெரியும், அவை கெப்பாசிட்டர்கள். கனெக்டருக்கு அருகில் உள்ள பெரியவற்றின் இரண்டு முனைகளையும் தொட்டுப் பாருங்கள். விடாமல் பீப் ஒலித்தால் அந்தப் பாதையில் ஷார்ட் இருக்க வாய்ப்பு அதிகம். மறுபடி கழுவிப் பாருங்கள். பிராசசர் அருகே சில கெப்பாசிட்டர்களில் இயல்பாகவே மின்தடை குறைவாக இருக்கும் என்பதால், ஒரே ஒரு பீப்பைக் கேட்டு மனம் உடைய வேண்டாம்.

அடுத்து மோட்டார். ஒவ்வொன்றிலிருந்தும் மூன்று மின்பாதைகள் வரும். இரண்டிரண்டாக மின்தடையை அளந்தால் மூன்று அளவுகளும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் விலகி நின்றாலோ, அளவே காட்டாவிட்டாலோ அந்தச் சுருளிலோ அதன் இணைப்பிலோ கோளாறு. ரிப்பன் கேபிளை ‘பீப்’ நிலையில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குச் சோதிக்கலாம், இங்கே பீப் ஒலிப்பதுதான் சரி.

பூட்டி, இயக்கிப் பார்ப்பது

பிரித்த வரிசையைத் தலைகீழாகச் செய்யுங்கள். ரிப்பன் கனெக்டருக்குள் நேராக நுழைந்திருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பார்த்த பிறகே தாழ்ப்பாளை மூடுங்கள். பூட்டி முடித்ததும் கேமராவை விரலால் மூன்று திசையிலும் நகர்த்திப் பாருங்கள். எங்கும் இடறக் கூடாது, கேபிள் எங்கும் இழுபடக் கூடாது.

நனையாத பேட்டரியைப் போடுங்கள். ஜிம்பல் பாதுகாப்பு மூடி கழற்றப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள், அதை மறந்துவிட்டு மோட்டார் கெட்டுவிட்டது என்று புலம்புபவர்கள் உண்டு. சமமான மேசையில் ட்ரோனை வைத்து, பத்து நொடி மட்டும் ஆன் செய்யுங்கள். ஆஃப் செய்து, ஜிம்பல் மோட்டார்களையும் கட்டுப்பாட்டு போர்டு உள்ள பகுதியையும் தொட்டுப் பாருங்கள். ஏதாவது ஓர் இடம் மட்டும் சுட்டால் அங்கே ஷார்ட். சூடு இல்லை என்றால் மறுபடி ஆன் செய்து கவனியுங்கள். நல்ல ஜிம்பல் தன் எல்லைவரை திரும்பிப் பார்த்துவிட்டு நேராக நிலைக்கும்.

துவண்டு தொங்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரிப்பன் கேபிள், அடுத்து கட்டுப்பாட்டு போர்டு. நிலைத்த பிறகு நடுங்கினால் பேரிங், அல்லது மோட்டாரின் கோணத்தை அளக்கும் காந்த சென்சார். ஜிம்பல் ஒழுங்காக ஆடுகிறது, படம் மட்டும் வரவில்லை என்றால் கேமராவிலிருந்து வரும் மயிரிழை அளவு சிக்னல் வயர்களைப் பாருங்கள். அவை தனியாகவே விலைக்குக் கிடைக்கும். படம் வருகிறது, அடிவானம் மட்டும் சாய்ந்திருக்கிறது என்றால் கவலையே இல்லை. ஆப்பில் ஜிம்பல் கேலிபரேஷனை, அதாவது அதன் நேர்நிலையைத் திருத்தும் வசதியை, ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ‘மோட்டார் ஓவர்லோடு’ என்ற எச்சரிக்கை வந்தால் எங்கோ கேபிள் இறுக்கமாக இருக்கிறது அல்லது திருகு உரசுகிறது, கழற்றிப் பாருங்கள். கேமராவையோ கையையோ மாற்றிய பிறகும் பிழை நிற்கவில்லை என்றால், சில மாடல்களுக்குத் தயாரிப்பாளரின் மென்பொருளில்தான் கேலிபரேஷன் செய்ய முடியும். அங்கே சர்வீஸ் சென்டர்தான் வழி.

பறக்கவிடுவது

ஜிம்பல் வரை நனைந்த ட்ரோனில் மெயின் போர்டும் நனைந்திருக்க வாய்ப்பு உண்டு. கடல்நீர் என்றால் அதையும் இதே முறையில் கழுவாமல் பறக்கவிடாதீர்கள். ஜிம்பல் நின்றால் படம்தான் போகும், பறக்க வைக்கும் மோட்டார் நின்றால் கீழே இருப்பவரின் தலை போகும்.

முதல் முறை ஆட்கள் இல்லாத இடத்தில், ஒன்றிரண்டு மீட்டர் உயரத்தில் சில நிமிடங்கள் நிறுத்தி வையுங்கள். வீடியோ பதிவு செய்துகொண்டே கேமராவை மேலும் கீழும் சாய்த்துப் பாருங்கள். பதிவைப் பெரிய திரையில் போட்டால் கண்ணுக்குத் தெரியாத நடுக்கமும் தெரியவரும். ஒரு வாரம் கழித்து மூடியைத் திறந்து கனெக்டர்களை மறுபடி ஒருமுறை உருப்பெருக்கியில் பாருங்கள். பச்சை எட்டிப் பார்த்தால் மீண்டும் தண்ணீர், அப்புறம் ஆல்கஹால்.