ஸ்கார்ப்பியோவுக்கு டிரெய்லர் பூட்டுவது

எங்கள் ஊர் காங்கேயம். அப்பாரு (தாத்தா) காலத்தில் வீட்டில் மாட்டுவண்டி இருந்தது. தேங்காய் ஏற்றும்போது பின்னால் கூடுதலாக அடுக்கிவிட்டால் திட்டுவார்: "பின்பாரம் ஆகாதுடா, நுகம் மேலே தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டுக் கழுத்தை இறுக்கும்." போன வருஷம் பன்னிரண்டு அடியில் ஒரு சின்ன டிரெய்லர் செய்து, உள்ளே படுக்கையும் அடுப்பும் வைத்து, என் மஹிந்திரா ஸ்கார்ப்பியோ-என் காரில் பூட்டினேன். அப்பாரு சொன்னதை மறந்ததால் குடிமங்கலம் காற்றாலைகளுக்கு நடுவே எனக்கு வியர்த்துவிட்டது. அந்தக் கதை பின்னால் வரும்.

எல்லோரும் எஞ்சினில் இருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். டீசல் வண்டி, தாராளமாக இழுக்கும் என்பார்கள். இழுக்கும்தான். நிற்குமா, நேராகப் போகுமா என்பதுதான் கேள்வி. ஆகவே முதலில் வண்டியின் கையேட்டில் நான்கு எண்களைத் தேடுங்கள்: பிரேக் உள்ள டிரெய்லர், பிரேக் இல்லாத டிரெய்லர் ஒவ்வொன்றும் எத்தனை கிலோ வரை, கொக்கியின் மேல் நேராக இறங்கும் பாரம் எவ்வளவு, காரும் டிரெய்லரும் சேர்ந்து எவ்வளவு. கையேட்டில் இல்லையென்றால் கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தர மறுத்தால் அந்த வண்டியில் டிரெய்லர் பூட்டும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

அப்புறம் எடை போடுங்கள். எங்கள் ஊரில் அரிசி ஆலைக்கும் எண்ணெய் மில்லுக்கும் பஞ்சமில்லை, அதனால் எடைமேடைக்கும் பஞ்சமில்லை. காலியாகப் போட்டால் பிரயோஜனமில்லை. தண்ணீர், சிலிண்டர், பாய், பாத்திரம் என்று ஊருக்குப் போகிற கோலத்திலேயே போடவேண்டும். என் டிரெய்லர் காலியாக 690 கிலோ, நிரப்பிய பிறகு 940. அதில் தண்ணீர்த் தொட்டி மட்டும் 80.

கொக்கியில் இறங்கும் பாரத்தை எடைமேடையில் துல்லியமாகப் பார்க்க முடியாது. மூட்டை எடைபோடும் தராசு போதும். கொக்கி உயரத்துக்கு ஒரு மரக்கட்டையைத் தராசின் மேல் நிறுத்தி, டிரெய்லரின் மூக்கை, அதாவது கொக்கியில் மாட்டும் முன்முனையை, அதன்மேல் இறக்கினால் எண் வந்துவிடும். டிரெய்லர் மட்டமாக நிற்கவேண்டும், முன் சின்னச் சக்கரம் தரையைத் தொடக்கூடாது. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு மூக்கில் இறங்கினால் நல்லது. எனக்கு இப்போது 94 கிலோ. கொக்கியின் தகட்டில் எழுதியிருக்கும் வரம்பு 100. இந்த 94 கிலோவும் காருக்குள் ஏறும் ஆட்களோடும் சாமான்களோடும் சேர்ந்த கணக்கு என்பதை மறக்கவேண்டாம்.

முதல் பயணத்தில் இதையெல்லாம் நான் பார்க்கவில்லை. பல்லடத்தில் தங்கச்சி குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு அமராவதி அணைக்குப் போனோம். மூன்று தண்ணீர் கேன், மடக்குக் கட்டில், கருவிப் பெட்டி எல்லாம் பின்கதவு ஓரத்தில் கிடந்தன. ஆடி மாசம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உடுமலை ரோட்டில் எப்படி அடிக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. குடிமங்கலத்தில் ஒரு லாரி தாண்டிப் போனது, காற்றும் சேர்ந்துகொண்டது, டிரெய்லர் வால் ஆட்ட ஆரம்பித்தது. காரின் பின்புறத்தையும் சேர்த்து இழுத்தது. பிரேக்கில் கால் வைக்காமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலேட்டரை மட்டும் விட்டேன். மெல்ல அடங்கியது. ஊருக்கு வந்து தராசில் வைத்தால் மூக்கில் 38 கிலோ! அப்பாரு சொன்ன பின்பாரம்தான். இப்போது கனமானதெல்லாம் அச்சுக்கு மேலேயும் கொஞ்சம் முன்னாலேயும்தான்.

கொக்கி வைக்கப் போனால் லேத் பட்டறையில் முதலில், "ஏனுங்ணா, டிராக்டர் மாதிரி பின் வச்சு மாட்டிரலாமுங்களா?" என்று கேட்டார்கள். வேண்டாம். டிராக்டரின் இரும்புப் பின்னில் ஆட்டம் அதிகம், ரோட்டு வேகத்துக்கு ஆகாது. உருண்டைக் கொக்கி வாங்குங்கள். உருண்டை 50 மில்லிமீட்டர் என்றால் அதன்மேல் கவிழும் டிரெய்லரின் மூடியும் அதே அளவாக இருக்கட்டும். இரண்டு அங்குலம் என்பது 50.8, இரண்டையும் கலக்காதீர்கள். கொக்கியின் இரும்புச் சட்டத்தைக் காரின் சேஸிஸில் இருக்கும் ஓட்டைகளில் ஹை டென்ஸைல் (அதிக உறுதியான) போல்ட் போட்டு, குறித்த அளவுக்கு முறுக்கும் டார்க் ரெஞ்சால் முறுக்கவேண்டும். சேஸிஸில் வெல்டிங் வைக்க விடாதீர்கள். இரண்டு காப்புச் சங்கிலியையும் கொக்கிக்கு அடியில் குறுக்காகப் போடுங்கள். கொக்கி கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் சங்கிலியில் தங்கும்.

பிரேக்கில் காசு பார்க்கக்கூடாது. ஐரோப்பாவில் 750 கிலோவைத் தாண்டிய டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். நானும் அதையே அளவாக வைத்துக்கொண்டேன். என்னுடையது ஓவர்ரன் பிரேக்: கார் நின்றால் டிரெய்லர் முன்னால் தள்ளும், அந்தத் தள்ளலே கம்பியை இழுத்து பிரேக் பிடிக்கும். ரிவர்ஸ் எடுக்கும்போதும் பிடித்துக்கொள்ளும், அதற்கான பூட்டு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நீண்ட இறக்கத்தில் இது சூடாகும். ஆகவே ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு என்றால், டிரெய்லரை அடிவாரத்தில் விட்டுவிட்டுக் காரில் போய்வருவேன்.

டிரெய்லர் விளக்குகளுக்கான ஒயரிங்கை முதலில் ஒரு எலக்ட்ரீஷியனிடம் விட்டேன். பின்விளக்கு ஒயரைச் சீவி அப்படியே முறுக்கிவிட்டார். டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்குகள் தீபாவளி கொண்டாடின. இந்தக் காலத்து வண்டிக்கு, சைகையை மட்டும் பின்விளக்கில் எடுத்து, மின்சாரத்தை பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக எடுக்கும் ரிலே பெட்டி வேண்டும். அதிலிருந்து ஏழு பின் சாக்கெட்.

பின்புறம் அமுங்கி ஹெட்லைட் வானத்தைப் பார்த்தால், சுருள் ஸ்பிரிங்குக்குள் வைக்கும் காற்றுப்பை உதவும். அது மட்டம் தருமே தவிர, வரம்பைக் கூட்டாது. டிரெய்லரைத் தாண்டிப் பின்னால் தெரியும்படி பக்கக் கண்ணாடிக்கு நீட்டிப்பு மாட்டுங்கள். ஆட்டோ கியர் என்றால் ஏற்றத்தில் கையால் கீழ் கியர் வைத்து, கியர் ஆயிலைச் சீக்கிரமே மாற்றுங்கள்.

டிரெய்லருக்குத் தனிப் பதிவு வேண்டும். இழுக்கும் காரின் நம்பரும் டிரெய்லரின் பின்னால் தெரியவேண்டும், அது மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருக்கிறது. இன்சூரன்ஸில் கொக்கியைச் சொல்லிவிடுங்கள். அம்மா "நான் டிரெய்லர்ல படுத்துக்கறனே" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார். ஓடும்போது உள்ளே யாரும் இருக்கக்கூடாது என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.

வேகம் 60, 65. கிளம்பி தாராபுரம் வந்ததும் டீக்கடையில் நிறுத்துவேன். வீட்டுக்காரி டீ சொல்வதற்குள் நான்கு சக்கரக் குடத்திலும் டிரெய்லரின் இரண்டிலும் கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்ப்பேன். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் பிரேக்கோ பேரிங்கோ ஒட்டுகிறது என்று அர்த்தம். நட்டை ஒருமுறை இறுக்கி, சங்கிலியை ஆட்டிப் பார்த்துவிட்டு வந்தால் டீ ஆறியிருக்கும்.