ஜாப்பாவில் மூங்கில் வீடு கட்டத் தன்னார்வலராகப் போகிறவர்களுக்கு

நேபாளத்தின் தென்கிழக்கு மூலையில், மேச்சி ஆற்றைத் தாண்டியதும் ஜாப்பா மாவட்டம் தொடங்கிவிடும். வயல், தேயிலைத் தோட்டம், வீட்டுக்கு வீடு மூங்கில் புதர். ஹாபிடாட் ஃபார் ஹியூமானிட்டி போன்ற அமைப்புகள் இந்தப் பக்கத்தில் மூங்கில் சட்டம் நிறுத்தி, தட்டி அடைத்து, மேலே சிமெண்ட் பூசும் வீடுகளைக் குடும்பங்களோடு சேர்ந்து கட்டியிருக்கின்றன. 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் மண்சாந்து வைத்த கல்சுவர்கள் சரிந்ததுதான் பேரழிவுக்குப் பெரிய காரணம். மூங்கில் சுவருக்கு எடை குறைவு, வளைந்தும் கொடுக்கும். ஆனால் மோசமாகக் கட்டினால் அதுவும் சில ஆண்டுகளில் உளுத்துப்போகும். அந்த வீட்டில் படுத்துறங்கப் போவது ஒரு குடும்பம் என்பதால், கீழே சொல்லும் எதையும் சின்ன விஷயமாக எண்ண வேண்டாம்.

இப்படிக் கட்டும் குழுவில் தன்னார்வலராகச் சேரப் பணம் கட்டுமுன் அமைப்பிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். மனை யார் பெயரில் இருக்கிறது? உள்ளூர் மிஸ்திரிக்கு முழுக் கூலி உண்டா? உங்கள் கட்டணத்தில் எவ்வளவு சிமெண்டாகவும் தகரமாகவும் மாறுகிறது? நீங்கள் கிளம்பிய பிறகு மீதி வேலையை முடிப்பது யார்? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வராத இடத்துக்குப் போகாதீர்கள்.

இந்தியக் குடிமக்களுக்கு நேபாளம் போக விசா வேண்டாம். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதாரை மட்டும் நம்பிப் புறப்பட வேண்டாம். மற்ற நாட்டுக் குடிமக்களுக்கு விசா தேவை. சுற்றுலா விசாவில் சம்பளமில்லாத வேலைக்கும் சிக்கல் வரலாம் என்பதால், எந்த அனுமதியில் வேலை செய்யப் போகிறீர்கள் என்று அமைப்பிடம் எழுத்தில் வாங்குங்கள். விமானத்தில் மேற்கு வங்கத்தின் பாக்டோக்ரா, அங்கிருந்து காரில் எல்லை ஊரான பானிடங்கி, மேச்சி பாலத்தைக் கடந்தால் நேபாளத்தின் காக்கர்பிட்டா. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. அதை அடுத்து வரும் தசைன் பண்டிகைக்கு மிஸ்திரிகள் ஊருக்குப் போய்விடுவார்கள். நவம்பரும் பிப்ரவரி, மார்ச்சும் நல்ல மாதங்கள். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து ஆண்டு ஆகியிருந்தால் மறுபடி போட்டுக்கொள்ளுங்கள். தடித்த அடிப்பாகம் கொண்ட ஷூ, ரப்பர் பூசிய கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கொசுவலை போதும்.

அங்கே உங்களுக்குச் சித்தாள் வேலை. மிஸ்திரியை ‘தாய்’ என்றும் வீட்டுக்காரப் பெண்மணியை ‘தீதீ’ என்றும் கூப்பிடுங்கள். நேபாளியில் அண்ணன், அக்கா. மிஸ்திரி ‘பிஸ்தாரை’ என்றால் ‘மெதுவாக’ என்று பொருள். அந்தச் சொல்லை அடிக்கடி கேட்பீர்கள்.

மூங்கில் மூன்று வயதாவது முற்றியிருக்க வேண்டும். இளமூங்கிலில் மாவுச்சத்து அதிகம், வண்டு விடாது. கழிக்கு அடியில் மாவு போல மெல்லிய தூள் கொட்டிக் கிடந்தால் வண்டு ஏறிவிட்டது. உடனே மிஸ்திரியிடம் காட்டுங்கள். வெட்டிய கழிகளின் கணுத்தடுப்புகளை உள்ளே நீண்ட கம்பியால் துளைத்து, போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த தொட்டியில் ஒரு வாரத்துக்கு மேல் ஊறவைத்து, நிழலில் உலர்த்துவார்கள். துளைக்காத கணுவுக்குள் மருந்து சரியாக இறங்காது. இந்த மருந்து மழையில் கரைந்து போகக்கூடியது. ஆகவே மூங்கிலின் கால் மண்ணைத் தொடக் கூடாது, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்குச் செங்கல் சுவர் வேண்டும், கூரை நன்றாக வெளியே நீண்டிருக்க வேண்டும். கழியை அறுக்கும்போது முனைக்கு அருகில் ஒரு கணு இருக்கும்படி அறுங்கள். கணு இல்லாத முனை இணைப்பில் நசுங்கும். நேரடியாக ஆணி அடித்தால் நீளவாக்கில் பிளக்கும். முதலில் துளை, பிறகுதான் போல்ட்.

புதியவர்கள் அதிகம் கெடுப்பது பூச்சுக் கலவையை. சிமெண்ட் ஒன்றுக்கு மணல் நான்கு. 50 கிலோ மூட்டை ஏறக்குறைய 35 லிட்டர், எனவே அந்த அளவில் ஒரு பெட்டி செய்து நான்கு பெட்டி சலித்த மணல் போடுங்கள். மண்வெட்டிக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். ஈர மணல் உப்பி நிற்பதால், பெட்டி நிறைந்தாலும் மணல் குறைவாகத்தான் இருக்கும். அதை மிஸ்திரி சரிசெய்து சொல்வார். காய்ந்த நிலையிலேயே ஒரே நிறம் வரும்வரை புரட்டிவிட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். பூச எளிதாக இருக்கிறதென்று தண்ணீரைக் கூட்டினால் காயும்போது சுவர் முழுக்க மயிரிழை விரிசல் ஓடும். அதன் வழியே மழை தட்டிக்குள் இறங்கும். ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும் அளவுக்குத்தான் கலக்க வேண்டும். இறுகிய கலவையில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் கிளறாதீர்கள், பிடிப்பு போய்விட்டது.

பூசுமுன் தட்டியை நனையுங்கள். காய்ந்த தட்டி கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும். முதல் பூச்சு அரை அங்குலத்துக்குள். அது இறுகுமுன் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட்டால்தான் இரண்டாம் பூச்சு பற்றும்.

கூரைத் தகரத்தை மேலே ஏறிப் போடுவது பழகியவர்கள் வேலை. நீங்கள் கீழிருந்து எடுத்துக் கொடுக்கும்போது இருவராகத் தூக்குங்கள், காற்றடித்தால் நிறுத்துங்கள். திருகாணி தகரத்தின் மேட்டில் இறங்க வேண்டும், வாஷரோடு. பள்ளத்தில் போட்டால் மழைநீர் ஓடுகிற இடத்திலேயே ஓட்டை.

பூச்சு முடிந்த மறுநாளிலிருந்து ஏழு நாள், வெயிலில் மூன்று வேளையாவது தண்ணீர் தெளிக்க வேண்டும். குழுக்கள் பெரும்பாலும் அதற்குள் ஊர் திரும்பிவிடுகின்றன. எனவே வெளிப்பூச்சைக் கடைசி நாளுக்கு வைக்காமல், முன்னதாகவே முடிக்கும்படி திட்டமிடச் சொல்லுங்கள். மீதி நாட்களுக்கு யார் எந்த வேளை தெளிப்பது என்று தீதீயோடு உட்கார்ந்து பேசி, வாளியையும் குழாயையும் சுவரருகில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.