சமண்டலை: தெரிவு செய்வதும் வேலை செய்வதும்

திருகோணமலையில் சமண்டலை என்றும் சாவண்டலை என்றும், சிங்களத்தில் ஹல்மில்ல என்றும் வழங்கும் மரத்துக்கு ஆங்கில வணிகத்தில் இவ்வூரின் பெயரே நிலைத்துவிட்டது. முற்காலத்தில் இத்துறைமுகத்திலிருந்து சென்னைக்கு ஏற்றப்பட்டு, அலையடிக்கும் கரையில் இறங்கும் மசூலாப் படகுகளுக்குப் பயன்பட்டதால் வந்த பெயர் அது. ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்ட அப்படகின் பலகைகள் தரையில் மோதும்போது முறியாமல் வளைந்து கொடுக்க வேண்டியிருந்தது. சமண்டலையின் குணம் முழுவதும் அந்த ஒரு தேவையில் அடங்கிவிடுகிறது. (1817 இல் பம்பாயில் கட்டப்பட்டு இவ்வூரின் பெயரைத் தாங்கிய போர்க்கப்பல் தேக்கினாலானது, இரண்டையும் குழப்பிக்கொள்வோர் உண்டு.)

தாவரவியலில் பெர்ரியா கோர்டிஃபோலியா எனப்படும் இம்மரம் வறண்ட வலயக் காடுகளுக்கு உரியது. இதய வடிவ இலையும் சிறகு முளைத்த காயும் இதற்கு அடையாளங்கள். விதையின் மேலுள்ள மயிர் தோலில் பட்டால் கடுமையாக அரிக்குமாதலால், காய்க்கும் பருவத்தில் மரத்தடியில் வேலை செய்வோர் உடலை மூடிக்கொள்வது நல்லது. ஒரு கன மீற்றர் தேக்கு ஏறத்தாழ 650 கிலோ நிறுக்க, உலர்ந்த சமண்டலை பெரும்பாலும் 800 கிலோவைத் தாண்டும். வைரம், அதாவது மரத்தின் முதிர்ந்த உட்பகுதி, செம்பழுப்பு நிறமானது; அதைச் சுற்றியுள்ள இளம் பகுதியான வெளிறு மங்கலானது.

மரக்காலையில் வாங்கும்போது முதலில் பலகையின் தலைப்பை, அதாவது வெட்டுமுனையைப் பாருங்கள். வெளிறு அதிகமுள்ள துண்டு மலிவாகக் கிடைக்கும். ஆனால் பூச்சி துளைப்பது பெரும்பாலும் அப்பகுதியையே. அடுத்து, ரேகை (மர நார் ஓடும் கோடு) பலகையின் நீளத்துக்கு நேராக ஓடுகிறதா என்று பக்கவாட்டிலும் பாருங்கள். மேற்பரப்பில் நேராகத் தெரிந்து பக்கத்தில் சரிந்தோடும் ரேகை, வளைவு தாங்க வேண்டிய எந்தப் பொருளுக்கும் ஆகாது. மரம் எங்கிருந்து வந்தது என்பதற்கான அனுமதிப் பத்திரத்தையும் ரசீதையும் கேட்டு வாங்கத் தயங்க வேண்டாம்.

உலர்த்துவதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். எங்கள் பக்கத்தில் மாரி மழை ஓய்ந்து மாசி மாதம் காற்று இளகும்போது அடுக்கத் தொடங்கினால், ஆனி, ஆடியில் கச்சான் எனப்படும் வறண்ட தென்மேற்குக் காற்று கொதிக்க வீசுவதற்குள் ஈரத்தின் பெரும்பகுதி மெதுவாக வெளியேறியிருக்கும். பச்சை மரத்தைக் கச்சானின் முன் நிறுத்தினால் தலைப்பு வெடித்துவிடும். ஆகவே இரு தலைப்புகளிலும் மெழுகோ தடித்த பெயின்றோ பூசி, பலகைகளுக்கிடையே ஒரே தடிப்பான சட்டங்களை ஒன்றன்மேல் ஒன்று நேர்க்கோட்டில் வைத்து, நிழலில் அடுக்க வேண்டும். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஓர் ஆண்டு என்ற பழைய கணக்கு இந்த மரத்துக்கும் பொருந்தும்.

வேலைக்கு எடுக்கும்போது சீவுளியின் அலகு கூர்மையாகவும் சீவல் மெல்லியதாகவும் இருக்கட்டும். மழுங்கிய அலகு ரேகையைப் பிய்த்துவிடும். திருகாணிக்கு முன்கூட்டியே துளையிட வேண்டும். ஆணியை நேரடியாக அடித்தால் ஆணி வளையும், அல்லது மரம் பிளக்கும்.

வண்டில் ஏர்க்கால், கருவிப் பிடி, படகு, எண்ணெய்ப் பீப்பாய், சாராயம் முதிர வைக்கும் பெரிய தொட்டி ஆகியவை இதன் நெடுங்காலப் பயன்கள். அலங்காரத் தளபாடத்துக்கு இதைத் தேக்குக்குப் பதிலாக வாங்குவது வீண் செலவு என்பது என் கருத்து. அடியும் அதிர்வும் விழும் இடமே இதற்குரிய இடம்.

உதாரணமாக, ஒரு கோடரிப் பிடி. வாளால் அறுத்த துண்டைவிட ரேகையோடு பிளந்தெடுத்த துண்டு சிறந்தது, ஏனெனில் பிளவு தானாகவே நாரைத் தொடர்ந்து செல்லும். வைரப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, கையில் பிடிக்கும் பகுதியை முட்டை வடிவமாகச் சீவி, நடுப்பகுதியைச் சற்று மெலிதாக்குங்கள். அடியின் அதிர்வை அந்த மெலிவு உள்வாங்கும். நான் ஒருமுறை மார்கழி மழையில், அரைகுறையாக உலர்ந்த துண்டைக் கோடரியின் கண்ணில் (பிடி நுழையும் துளையில்) இறுக்கி ஆப்பும் அடித்து, வேலை முடிந்ததென்று நிம்மதியாக இருந்தேன். ஆனி பிறந்ததும் மரம் சுருங்கி, ஓங்கிய கையில் பிடி மட்டும் நின்றது. கோடரியின் இரும்புத் தலை வேலியருகே போய் விழுந்தது. அதன் பின், சீவி முடித்த பிடியையும் சில வாரம் கூரைக்குக் கீழே தொங்கவிட்டு, கண்ணில் பொருந்தும் பகுதியைக் கடைசியாகவே அளவுக்குச் சீவுகிறேன். ஆப்பு அடித்தபின் ஆளிவிதை எண்ணெயை மெல்லிய துணியால் தேய்த்து, தலைப்பில் மட்டும் இரண்டு மூன்று தடவை ஊற விடுகிறேன். வார்னிஷ் பூசினால் வியர்த்த கையில் பிடி வழுக்கும்.